குளிர்கோட்டுக்குள் கைத்துப்பாக்கி

அமெரிக்காவில் மறைத்துத் துப்பாக்கி வைத்துக்கொண்டு நடமாடுகிறவர்களிடம் நெடுநாளாக ஒரு நம்பிக்கை உண்டு: குளிர்காலம் வந்துவிட்டால் கவலை விட்டது. கோடையில் ஒற்றைச் சட்டைக்குள் பிஸ்டலின் பிடி புடைத்துக்கொண்டு தெரியும்; மேல்தட்டுப் பொருளை எடுக்கக் கையை உயர்த்தினால் சட்டை ஏறி இடுப்பு உறை எட்டிப் பார்க்கும். டிசம்பரில் அந்தத் தொல்லை இல்லை. உள்சட்டை, ஸ்வெட்டர், அதன் மேல் முழங்கால் வரை தொங்கும் கோட்டு என்று மூன்று அடுக்கு போட்டவர் இடுப்பில் பெரிய துப்பாக்கியையே வைத்திருந்தாலும் எவருக்கும் தெரியாது. இந்த நம்பிக்கை பாதிதான் சரி. கனத்த உடை ஊரார் கண்ணிலிருந்து மறைப்பதை, அதை அணிந்தவர் கண்ணிலிருந்தும் விரலிலிருந்தும் சேர்த்தே மறைக்கிறது. மறைப்பது எளிதாகும் அளவுக்குப் பாதுகாப்பு கடினமாகிறது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். பயிற்சியாளர்களும் பத்திரிகைகளும் கோட்டுக்குள்ளிருந்து துப்பாக்கியை எவ்வளவு வேகமாக எடுப்பது என்றே பேசுகிறார்கள். கிடைக்கும் சான்றுகளோ வேறு இரண்டு தருணங்களைச் சுட்டுகின்றன: துப்பாக்கியை உறையில் திருப்பிச் செருகும் தருணம், அது இடுப்பை விட்டு வேறிடத்துக்குப் போகும் தருணம்.

துப்பாக்கிப் பித்தர்கள் சிலரின் உள்விவகாரம் என்று இதை ஒதுக்க முடியாது. 2019 நிலவரத்தைக் கொண்டு 2022இல் வெளியான ஒரு தேசிய ஆய்வின் மதிப்பீட்டின்படி, குண்டு நிரப்பிய கைத்துப்பாக்கியைத் தினமும் எடுத்துச் செல்லும் அமெரிக்கர்கள் சுமார் 60 லட்சம் பேர். 2015இல் அது 30 லட்சமாக இருந்தது. சட்டமும் அதே திசையில்தான் நகர்ந்தது. மறைத்து எடுத்துச் செல்வதை அனுமதித்த கடைசி மாநிலம் இல்லினாய்ஸ். அங்கே அந்தச் சட்டம் 2013இல் வந்தது. 2022 ஜூனில் உச்ச நீதிமன்றம் புரூயன் வழக்கில் நியூயார்க்கின் பழைய கட்டுப்பாட்டை ரத்து செய்தது. 2024 ஜூலை முதல் 29 மாநிலங்களில் உரிமமே தேவையில்லை. அந்த வரிசையில் அலாஸ்கா, வெர்மான்ட், மெய்ன், நியூ ஹாம்ப்ஷயர், வடக்கு டகோட்டா, தெற்கு டகோட்டா எல்லாம் இருக்கின்றன. பனியோடு ஆண்டில் பல மாதம் குடித்தனம் நடத்தும் ஊர்கள். 2019 ஜனவரி 30 அன்று ஷிகாகோ விமான நிலையத்தில் வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே 30 செல்சியஸ் பாகையையும் தாண்டி இறங்கியது. அப்படிப்பட்ட நாளில் தடித்த கோட்டில்லாமல் வாசலைத் தாண்ட முடியாது. ஆகவே உடையும் துப்பாக்கியும் ஒன்றையொன்று எப்படிப் பாதிக்கின்றன என்பது இந்த மாநிலங்களில் அன்றாடக் கேள்வி.

சான்றுகளைப் பார்க்கலாம். 2014 ஜனவரியில் இந்தியானாவின் கானர்ஸ்வில் ஊரின் காவல்துறைத் தலைவர் ஒரு துப்பாக்கிக் கடையில் தம் பிஸ்டலை எடுத்துப் பார்த்துவிட்டு உறையில் திரும்பச் செருகினார். மேலுடைத் துணி இடையில் சிக்கியது. அதை உணராமல் அழுத்தினார். குண்டு அவர் தொடையில் பாய்ந்தது. அவரே இதைப் பத்திரிகைகளிடம் ஒளிக்காமல் சொன்னார். பல ஆண்டு அனுபவம் உள்ளவர், பட்டப்பகல், எதிரே எந்த ஆபத்தும் இல்லை, அவசரமும் இல்லை. இரண்டாவது, 2008 நவம்பரில் நடந்தது. நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியின் அமெரிக்கக் கால்பந்து வீரர் பிளாக்சிகோ பரெஸ் உறையே இல்லாமல் இடுப்பில் செருகியிருந்த பிஸ்டல் மன்ஹாட்டன் இரவு விடுதி ஒன்றில் காற்சட்டைக்குள் நழுவியது. பிடிக்கப் போன இடத்தில் வெடித்தது. தொடைக் காயத்தோடு போகவில்லை. அனுமதியில்லாமல் வைத்திருந்ததற்காக இரண்டாண்டுச் சிறைத்தண்டனையும் கிடைத்தது. மூன்றாவதுதான் மிகக் கொடியது. 2014 டிசம்பர் இறுதியில் ஐடஹோவின் ஹேடன் ஊர்ப் பேரங்காடியில் ஒரு தாய் பொருள் வாங்கிக்கொண்டிருந்தார். துப்பாக்கிக்கென்றே தனி அறை வைத்துத் தைத்த கைப்பை தள்ளுவண்டியில் இருந்தது. வண்டியில் உட்கார்ந்திருந்த 2 வயதுக் குழந்தை அதைத் திறந்தது. தாய் அங்கேயே இறந்தார். இம்மூன்றிலும் சுடும் எண்ணத்தோடு எவரும் துப்பாக்கியை உருவவில்லை. ஒருவர் திருப்பி வைத்தார், ஒருவருடையது நழுவியது, ஒருவருடையது உடலை விட்டு விலகியிருந்தது.

துணி எப்படிச் சுடுகிறது என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இன்று பரவலாக எடுத்துச் செல்லப்படும் பிஸ்டல்களின் மூதாதை, 1982இல் ஆஸ்திரிய ராணுவம் ஏற்றுக்கொண்ட கிளாக். கையால் தள்ளிப் பூட்டும் பாதுகாப்புப் பொத்தான் அதில் கிடையாது. விசையின் நடுவே ஒரு சிறு நெம்புகோல் உண்டு. அது அழுந்தினால்தான் விசை பின்னால் நகரும். கீழே விழுந்தால் வெடிக்காமல் தடுக்கும் உள்தடைகள் உண்டு. விசை பின்னால் வரும்போதே அவையும் விலகிவிடும். தற்செயலான அதிர்ச்சிக்கு எதிராக இந்த ஏற்பாடு மிக நல்லது. ஆனால் விசையின் நடுவில் அழுத்தும் எதையும் அது விரலென்றே எடுத்துக்கொள்ளும். விசையை இழுக்கச் சுமார் இரண்டரைக் கிலோ விசையழுத்தம் தேவை. உறைக்குள் பிஸ்டலை உள்ளங்கையால் தள்ளுகிறவர் அதைவிடக் கூடுதலாகவே தள்ளுவார். இடையில் ஸ்வெட்டரின் ஒரு மடிப்பு மாட்டியிருந்தால், துப்பாக்கி கீழே போகப் போகத் துணி மேலே நின்று விசையைப் பின்னுக்குத் தள்ளுகிறது. குளிர்கோட்டுகளில் இதைவிடப் பொல்லாத ஒன்று உண்டு: காற்று புகாமல் கீழ்விளிம்பை இறுக்கும் நாடாவும், அதன் முனையில் உள்ள கெட்டியான பிளாஸ்டிக் குமிழும். அந்தக் குமிழ் தொங்குகிற இடம், வலது இடுப்பில் உறை வைத்திருப்பவருக்குச் சரியாக உறையின் வாய். அளவில் விசை வளையத்துக்குள் நுழையத் தக்கது. துணியைப் போல நசுங்கவும் நசுங்காது. குழந்தைகளின் மேலுடைகளில் இத்தகைய நாடாக்கள் சறுக்குமரத்திலும் பேருந்துக் கதவிலும் மாட்டி உயிர் போனதால், அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 1996லேயே அவற்றுக்கு எதிராக வழிகாட்டுதல் வெளியிட்டது. பெரியவர்களின் கோட்டுகளில் அவை இன்னும் ஆடிக்கொண்டுதான் இருக்கின்றன.

துப்பாக்கிப் பாதுகாப்பு என்றதும் அமெரிக்காவில் எல்லோரும் ஒப்பிப்பது ஜெஃப் கூப்பர் வகுத்த நான்கு விதிகள். 1976இல் அரிசோனாவில் பயிற்சிப் பள்ளி தொடங்கிய அவர் சொன்னதன் சாரம் இது: எந்தத் துப்பாக்கியும் நிரப்பியதே என்று கொள், அழிக்க விரும்பாத எதன் மீதும் குழலைத் திருப்பாதே, குறி பார்க்கும் வரை விசையில் விரல் வைக்காதே, இலக்கு எது, அதன் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள். இவற்றால் காப்பாற்றப்பட்ட உயிர்கள் ஏராளம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனாலும் மூன்றாம் விதி விரலைப் பற்றி மட்டுமே பேசுகிறது. கானர்ஸ்வில் காவல் தலைவரின் விரல் அவ்விதியை மீறாமலேயே குண்டு வெடித்திருக்க முடியும். இரண்டாம் விதியோ இடுப்பு உறையில் முழுமையாக நடைமுறைக்கு வராது. செருகும்போது குழல் தொடையையோ இடுப்பு மடிப்பையோ பார்த்துத்தான் இருக்கும். ஆக, கோடையில் நான்கு விதிகளும் தரும் காவலில் ஒரு பகுதி, துணி பெருகும் மாதங்களில் வலுவிழக்கிறது. அந்த இடைவெளியை நிரப்ப வேண்டியது உறையும் பழக்கமும்.

உறையைப் பொறுத்தவரை பெரிய கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை. விசை வளையத்தை முழுதும் மூடுவதாக, துப்பாக்கி வெளியே இருக்கும்போதும் வாய் குவியாததாக, நடக்கையில் நழுவாமல் இடுப்புவாரில் இறுகுவதாக இருக்க வேண்டும். இளகிப்போன பழைய தோல் உறையின் விளிம்பு உட்பக்கம் மடிந்து, துணி செய்கிற அதே வேலையைச் செய்யும். கைடெக்ஸ் போன்ற கெட்டிப் பிளாஸ்டிக்கோ, வாயில் வலுவூட்டிய தடித்த தோலோ அந்தக் குறையைத் தீர்க்கிறது. பழக்கம்தான் கடினம். திரைப்படத்தில் நாயகன் துப்பாக்கியைச் சுழற்றி, பார்வையை எதிரியிடமிருந்து எடுக்காமல் உறையில் தள்ளுகிற காட்சி எத்தனை பேர் தொடையைத் துளைத்திருக்கிறதோ தெரியவில்லை. வேகமாக எடுக்க வேண்டிய தேவை எப்போதாவது வரலாம். வேகமாகத் திருப்பி வைக்க வேண்டிய தேவை பொதுமக்களுக்கு வருவதே இல்லை. மறுகையால் கோட்டின் விளிம்பை மார்பு வரை தூக்கிப் பிடித்து, குனிந்து உறையின் வாயைக் கண்ணால் பார்த்து, மெதுவாக இறக்கி, சிறு தடை தென்பட்டாலும் தள்ளாமல் நிறுத்தி எடுத்துப் பார்ப்பதுதான் முறை. சுத்தியல் வெளியே தெரியும் பிஸ்டலிலும் ரிவால்வரிலும் செருகும்போது கட்டைவிரலை அதன் மேல் வைத்திருக்கலாம்; விசை அழுந்தினால் சுத்தியல் எழும்பி விரலுக்குச் சேதி சொல்லிவிடும். கிளாக்கில் அந்த வசதி இல்லை என்பதால், பின்புறத் தகட்டுக்குப் பதிலாகப் பொருத்தி அதே உணர்வைத் தரும் ஒரு சிறு கருவியையே செய்து விற்கிறார்கள். இவை எல்லாவற்றையும்விட எளியது, கோட்டு போட்ட பிறகு செருகும் வேலையையே வைத்துக்கொள்ளாதிருப்பது. வீட்டில், கோட்டு போடும் முன், துப்பாக்கியை உறையோடு சேர்த்து இடுப்பில் மாட்டிக்கொள்ளலாம். கழற்ற வேண்டி வந்தால் உறையோடு சேர்த்தே கழற்றலாம். விசை அப்போது ஒரு கணமும் திறந்திருக்காது.

கழற்றும் தேவை குளிர்நாட்டில் அடிக்கடி வரும். இல்லினாய்ஸில் பள்ளி, பொதுப் போக்குவரத்து, மது விற்பனையையே பெரிதும் நம்பிய கடை போன்ற இடங்களில் அனுமதியில்லை; அஞ்சலகம் போன்ற மத்திய அரசுக் கட்டடங்களில் எந்த மாநிலத்திலும் இல்லை. ஒரு நாளில் இரண்டு மூன்று வேலையாக ஊரைச் சுற்றுகிறவர் ஒவ்வொரு முறையும் காரின் இருக்கையில் ஒடுங்கி உட்கார்ந்து, இருக்கை வாரும் கோட்டும் பிணைந்த நிலையில், துப்பாக்கியை எடுத்துப் பெட்டியில் பூட்டி, திரும்பி வந்து மறுபடி செருகுகிறார். சட்டம் இயற்றியவர்கள் நோக்கம் நல்லதாக இருக்கலாம். விளைவாக, மிக ஆபத்தான அசைவு மிக நெருக்கடியான இடத்தில் திரும்பத் திரும்ப நடக்கிறது. இதைத் தடைகளுக்கு எதிரான வாதமாக நான் முன்வைக்கவில்லை. வெளியே கிளம்பும் முன் எங்கெல்லாம் போகப்போகிறோம் என்று யோசித்து, பாதி நாள் பெட்டியில்தான் இருக்கும் என்றால் அன்று வீட்டிலேயே பூட்டி வைத்துவிடுவது புத்திசாலித்தனம்.

இடுப்பு உறையை விட்டுக் கோட்டுப் பைக்கு மாறுவோரின் தரப்பையும் நியாயமாகப் பார்க்க வேண்டும். அவர்களுக்கு வரலாறு துணை நிற்கிறது. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 1887இலேயே சுத்தியலை உடலுக்குள் மறைத்த ரிவால்வரை வெளியிட்டது. பையிலிருந்து எடுக்கும்போது எதிலும் மாட்டாது. இன்றும் அந்த வம்சத்தைச் சேர்ந்த குட்டி ரிவால்வர்கள் விற்கின்றன. கையைப் பைக்குள் விட்டபடி பனியில் நடக்கிற மனிதரை எவரும் சந்தேகிப்பதில்லை. கை ஏற்கெனவே பிடியில் இருக்கிறது. ஸ்லைடு பின்னே ஓடி வரும் பிஸ்டல் பைக்குள் ஒரு முறை சுட்டபின் துணியில் சிக்கி நின்றுவிடலாம். ரிவால்வருக்கு அந்தச் சிக்கல் இல்லை. அதன் விசையும் நான்கு, ஐந்து கிலோ அழுத்தினால்தான் நகரும், நெடுந்தூரம் நகர வேண்டும். துணியோ சாவியோ அதை அசைப்பது எளிதல்ல. பைக்குள் தனி உறை, அந்தப் பையில் வேறெதுவும் இல்லை என்ற இரு நிபந்தனைகளோடு இந்த முறை தெருவில் சரிதான். ஆனால் கோட்டு கழற்றுவதற்கென்றே இருக்கிற உடை. அமெரிக்கக் கட்டடங்களின் உள்ளே இருபது பாகைக்கு மேல் சூடேற்றி வைத்திருப்பார்கள். உணவகத்தில் நுழைந்து ஐந்து நிமிடத்தில் கோட்டு நாற்காலி முதுகிலோ வாசல் கொக்கியிலோ தொங்கும். விருந்துக்குப் போன வீட்டில் எல்லோர் கோட்டும் படுக்கையறைக் கட்டிலில் குவியும். குழந்தைகள் விளையாடுவதும் அந்தக் குவியலில்தான். ஹேடனில் கைப்பை செய்ததைக் கோட்டுப் பையும் செய்ய முடியும். உரியவர் உடலை விட்டு நகராத இடம் இடுப்பும் உள்ளாடை அடுக்கும்தான். அதனால் கோட்டை முழுப் பகலும் கழற்றாதவர், உதாரணமாகப் பனியில் வெளிவேலை பார்ப்பவர், தவிர மற்றவர்களுக்குக் கோட்டுப் பையை நான் பரிந்துரைக்க மாட்டேன். கோடையில் இடுப்பு, குளிரில் பை என்று பருவத்துக்குப் பருவம் இடம் மாற்றுவதும் தவறு. பதற்றத்தில் கை பழகிய இடத்துக்கே போகும்.

கையைப் பற்றி உடலியல் சொல்வது தெளிவானது. விரல் தோலின் வெப்பம் சுமார் 15 பாகைக்குக் கீழே போனால் நுண்ணிய வேலைத்திறன் சரியத் தொடங்குகிறது. 8 பாகையளவில் தொடுவுணர்வே மழுங்கிப்போகிறது. மரத்த விரல் விசையைத் தொட்டிருக்கிறதா, வளையத்தின் ஓரத்தைத் தொட்டிருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. கையுறை போட்டால் விரல் சூடாக இருக்கும், ஆனால் தடிக்கும். ராணுவத் துப்பாக்கியான எம்-16இல் விசை வளையத்தின் அடிப்பகுதி கீழே மடங்கித் திறக்கும். பனிக்கால முரட்டுக் கையுறைக்காகவே அந்த ஏற்பாடு. மறைத்து எடுத்துச் செல்லும் சிறு பிஸ்டலில் அத்தகைய தாராளம் கிடையாது. தடித்த விரல் நுழையும்போதே விசையைத் தள்ளிவிடலாம். ரிவால்வரில் சுட்ட பிறகு விசை முழுதாக முன்னே திரும்ப விடாமல் முட்டுக்கட்டையும் போடலாம். தன் கையுறையோடு, காலி என்று இருமுறை உறுதி செய்த துப்பாக்கியை வீட்டில் பிடித்துப் பார்த்தாலே பிரச்சினை விளங்கிவிடும். துப்பாக்கியைத் தொடும் கையில் மெல்லிய கையுறை, அதன் மேல் உதறினால் கழலும் தடித்தது என்று இரண்டடுக்காகப் போடுவது பலர் கண்ட வழி.

ஈரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உடலோடு ஒட்டிய துப்பாக்கி சூடாக இருக்கும், வியர்வையில் துருப்பிடிக்கும். காரிலோ வெளிப்பையிலோ குளிர்ந்தது, சூடான அறைக்குள் வந்ததும் முத்து முத்தாக வேர்க்கும், மறுபடி வெளியே போனால் அந்த நீர் உறையும். எண்ணெயைக் கொஞ்சமாகத் தடவி அடிக்கடி துடைத்தால் போதும்.

இனி எதிர்வாதங்கள். முதலாவது வேகம். சால்ட் லேக் நகரக் காவலர் டென்னிஸ் டூலர் 1983இல் ஒரு பத்திரிகைக் கட்டுரையில் காட்டிய கணக்கு இன்றும் பயிற்சிக்கூடங்களில் ஓதப்படுகிறது: 21 அடி தொலைவில் கத்தியோடு நிற்பவர் பாய்ந்து வரச் சுமார் ஒன்றரை நொடி போதும், உறையிலிருந்து எடுத்துச் சுடவும் அதே நேரம்தான் ஆகும். அது காவலரின் திறந்த உறைக்கான கணக்கு. ஜிப் போட்ட கோட்டுக்கும் ஸ்வெட்டருக்கும் அடியிலிருந்து எடுக்க அதைவிட நேரமாகும் என்பதை மறுக்க முடியாது. ஆகவே அடியில் வைப்பது பயனற்றது என்கிறார்கள். ஆனால் இந்தக் கணக்கு உண்மையில் சொல்வது, இவ்வளவு அருகில் துப்பாக்கி எப்படியும் தாமதம்தான் என்பதை. அரை நொடியை மீட்க, தினமும் நடக்கும் அசைவுகளில் ஆபத்தைக் கூட்டிக்கொள்வது எனக்கு நட்டக் கணக்காகவே படுகிறது. கோட்டின் ஜிப்பைக் கீழிருந்தும் திறக்கக்கூடியதாகத் தேர்ந்தெடுப்பது, நாடாக் குமிழை வெட்டி எறிவது, இடையிலுள்ள சட்டையைக் காற்சட்டைக்குள் செருகி அடுக்கைக் குறைப்பது ஆகியவை வேகத்தையும் கூட்டும், சிக்கலையும் குறைக்கும். இரண்டும் எப்போதும் முரண்படுவதில்லை.

இரண்டாவது வாதம், தோட்டா அறையைக் காலியாக வைத்துக்கொண்டால் இந்தக் கவலையெல்லாம் எதற்கு என்பது. இதைப் பயிற்சியாளர்கள் பலர் கேலி செய்கிறார்கள். எனக்கு அது கேலிக்குரியதாகப் படவில்லை. அறை காலியானால் துணி விசையை எவ்வளவு அழுத்தினாலும் குண்டு வராது. 2 வயதுக் குழந்தையால் ஸ்லைடை இழுக்கவும் முடியாது. விலை என்னவென்றால், தேவைப்படும்போது இரண்டு கையும் வேண்டும், மறுகையோ கோட்டைத் தூக்கிப் பிடித்திருக்கும். வழுக்கும் கையுறையோடு ஸ்லைடை இழுப்பதும் லேசல்ல. நல்ல உறையில் இடுப்பில் வைத்து, சொன்ன பழக்கங்களைக் கைக்கொள்பவருக்கு அது தேவைப்படாமல் போகலாம். பையிலோ கைப்பையிலோதான் வைப்பேன் என்று அடம்பிடிப்பவருக்கு அதுவே குறைந்த தீமை.

மூன்றாவது, இவ்வளவு சிரமப்பட்டு எதற்குத் துப்பாக்கி என்பது. நம் ஊரிலிருந்து பார்க்கிறவருக்கு முதலில் தோன்றுவதும் அதுதான். 2021இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,000க்கும் மேல். பாதிக்கும் மேற்பட்டவை தற்கொலைகள். தவறுதலாக நேர்ந்தவை சுமார் 500. அந்தப் பெருந்தொகைக்கு முன் கோட்டு நாடாவைப் பற்றி எழுதுவது அற்பமாகத் தெரியலாம். எடுத்துச் செல்வது வேண்டுமா வேண்டாமா என்பதே பெரிய கேள்வி என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கேள்வியை அந்நாட்டின் நீதிமன்றங்களும் வாக்காளர்களும் ஏறத்தாழ ஒரு பக்கமாக முடித்துவிட்டார்கள். பியூ ஆய்வு மையத்தின் 2023 கணக்கெடுப்பில் துப்பாக்கி வைத்திருப்போரில் 72 சதவீதம் பேர் தற்காப்பையே முக்கியக் காரணமாகச் சொன்னார்கள். அவர்கள் நாளை மனம் மாறப்போவதில்லை. மேலும் 500 என்பது இறந்தவர் கணக்கு. தொடையில் குண்டு வாங்கிப் பிழைத்தவர்கள் அதில் வரமாட்டார்கள்.

பயிற்சி இதை எவ்வளவு கவனிக்கிறது என்பதுதான் மிச்சம். உரிமமே தேவைப்படாத மாநிலங்களில் கட்டாயப் பாடம் எதுவும் இல்லை. விஸ்கான்சினில் வேட்டைப் பாதுகாப்பு வகுப்புச் சான்றிதழே உரிமத்துக்குப் போதும். கண்டிப்பானது என்று பெயரெடுத்த இல்லினாய்ஸ் 16 மணி நேரப் பயிற்சி கேட்கிறது; அதன் முடிவில் 5, 7, 10 கஜத் தொலைவுகளிலிருந்து தலா 10 குண்டு, ஆக 30 குண்டு சுட்டுத் தேற வேண்டும். இலக்கில் எத்தனை பட்டது என்பதை அந்தத் தேர்வு எண்ணுகிறது. உறையிலிருந்து எடுப்பதையும் திருப்பி வைப்பதையும் எண்ணுவதில்லை. ஜனவரியில் ஷிகாகோவில் படிக்கிற மாணவர் கோட்டை வகுப்பறைக் கொக்கியில் மாட்டிவிட்டு வந்து தேறலாம், சட்டப்படி அதில் குறையில்லை. அந்த 16 மணி நேரத்தில் ஒரு மணி நேரத்தை, மாணவர் அன்று அணிந்து வந்த அதே கோட்டோடும் கையுறையோடும் செருகிப் பழகுவதற்கு ஒதுக்கலாம். தோட்டா செலவில்லை, சுடுதளமும் வேண்டாம். வகுப்புகளில் ஏற்கெனவே கிடக்கும் நீல நிறப் பிளாஸ்டிக் போலித் துப்பாக்கி போதும்.